மேவாய்ப் பிளவு: எந்த மாதத்தில் தைப்பது?

என் மூத்த மகளின் பிள்ளைக்கு தஹ்னீக் செய்தது நான்தான். 2018 ஜூன் மாதம், ஹட்டனில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பின்நேரம். பேரீச்சம்பழத்தை நன்றாக மென்று, சுண்டுவிரல் நுனியில் தொட்டு, பிள்ளையின் மேவாயில் தடவினேன். அரபியில் ‘ஹனக்’ என்றால் அண்ணம். தஹ்னீக் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஆக, அந்தப் பிள்ளையின் அண்ணத்தை விரலால் தொட்டுப் பார்த்தவன் நான். அதில் பிளவு இருந்தது எனக்குத் தெரியவில்லை. விரல் பட்ட முன்பக்கம் உறுதியாகத்தான் இருந்தது. பிளவு அதற்குப் பின்னால், உள்நாக்குப் பக்கம்.

கொஞ்ச நேரத்தில் பழச்சாறு பிள்ளையின் மூக்கால் வந்தது. “பச்ச உடம்பு வாப்பா, பாலும் இப்படித்தான் வருது” என்றாள் மகள். பிள்ளை பிறந்த இடத்திலேயே அதைக் கேட்டிருக்கிறாள். பால் ஏறுது, தோளில் போட்டுத் தட்டுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்த குடும்பநல மாதுதான் (மிட்வைப் மிஸ் என்றால்தான் எங்கள் பக்கம் விளங்கும்) நிறுத்துப் பார்த்து முகம் சுளித்தார். பிறந்த எடைக்கும் கீழே இறங்கியிருந்தது. கரண்டிப் பிடியால் நாக்கை அமர்த்தி, டோர்ச் அடித்துப் பார்த்தார். “சேர், நீங்களே வந்து பாருங்க” என்றார். பின்பக்கம் நடுவில் ஒரு பிளவு. அதற்கு மேலே மூக்கின் உட்புறம் சிவப்பாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு வருஷம் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். எப்போது தைப்பது? இந்தக் கட்டுரையும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். நான் வைத்தியன் அல்ல, ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன். கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதை, விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

நாக்கு நுனியால் உங்கள் மேவாயைத் தடவிப் பாருங்கள். முன்பக்கம் எலும்பு. அது வன் அண்ணம். பின்னால் போகப் போக மெத்தென்று ஆகும். அது மென் அண்ணம். அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு. கருவில் 6ஆம் வாரத்துக்கும் 12ஆம் வாரத்துக்கும் இடையில், வலமும் இடமுமாக இரண்டு தட்டுகள் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டி இந்த மேவாய் உண்டாகிறது. ஒட்டாமல் போனால் பிளவு. உதடு ஒட்டாமல் போவது உதட்டுப் பிளவு. இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். உலக அளவில் ஏறக்குறைய 700 பிறப்புகளில் ஒன்றுக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது.

உதடு பிளந்த பிள்ளையை எல்லாரும் பார்த்த உடனேயே கண்டுகொள்வார்கள். அண்ணம் மட்டும் பிளந்த பிள்ளை வெளிப் பார்வைக்கு அழகான பிள்ளை. அதுதான் ஆபத்து.

காரணம் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. தோட்டத்தில் கேட்டால் கிரகணம் என்பார்கள்: வயிற்றுப் பிள்ளைக்காரி வெளியே வந்தாள், கத்தி பிடித்தாள், வெற்றிலை கிள்ளினாள். நம்மவர்களிலும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் கிரகணம் பிடித்தபோது, அந்த மரணத்தோடு அதை முடிச்சுப் போட்டவர்களை நபியவர்களே திருத்தினார்கள் என்பது நாம் பள்ளியில் கேட்டு வளர்ந்த செய்தி. அதற்குப் பிறகும் என் மகளிடம் “கிரகணத்தன்று என்ன செஞ்சே?” என்று கேட்டவர்கள் தொழுகையை விடாதவர்கள்தான். பல மரபணுக்களும், புகை, சில வலிப்பு மருந்துகள் போன்ற புறக்காரணங்களும் சேர்ந்து நடப்பது இது. பெரும்பாலான பிள்ளைகளில் ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டவே முடியாது. தாய் செய்த குற்றம் எதுவும் இல்லை.

அண்ணம் செய்யும் வேலையை விளக்க எனக்கு என் பாடமே போதும். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறாம் வகுப்பில் மனனம் செய்கிறோமே, அதன் அர்த்தம் அண்ணத்தில்தான் இருக்கிறது. மென் அண்ணம் ஒரு கதவு. மேலே தூக்கித் தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும். மூச்சு வாய்க்குள் தேங்கி அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் இல்லாமல் க, ச, ட, த, ப, ற பிறக்காது. கதவு தொங்கித் திறந்திருந்தால் மூச்சு மூக்கால் போகும். ங, ஞ, ண, ந, ம, ன என்ற ஆறுக்கு மட்டுமே அப்படித் திறந்திருக்க வேண்டும். மெல்லெழுத்துகள் மூக்கின் துணையோடு பிறக்கின்றன என்பது தொல்காப்பியப் பிறப்பியலிலேயே இருக்கும் செய்தி. தஜ்வீத் படித்தவர்களுக்கு இன்னும் சுலபம். குன்னாவுக்கு உரிய இடம் கைஷூம், அதாவது மூக்கின் உட்புறம். மீமும் நூனும்தான் அங்கே போகும் எழுத்துகள்.

இப்போது கதவே இல்லாத பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பாப்பா என்று சொல்ல வாய் எடுத்தால் மாம்மா என்று வரும். தாத்தா, நாந்நா ஆகும். ஸீனும் ஷீனும் மூக்கால் சீறும். ‘பிஸ்மி’யின் முதல் எழுத்தே மீம் ஆகிவிடும். அதே பிள்ளை ஹம்ஸாவையும் ஐனையும் சிரமமில்லாமல் சொல்லும். அவை அண்ணத்துக்குக் கீழே, தொண்டையிலேயே பிறப்பவை. அவற்றுக்கு இந்தக் கதவு தேவையில்லை. அதனால்தான் இந்தப் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். க, ட, ப எல்லாவற்றுக்கும் பதிலாகத் தொண்டையை டக்கென்று அடைத்துத் திறக்கிறார்கள். வந்தால் வரட்டும் என்று விட்டால், அந்தப் பழக்கம் மூளையில் ஊறிப்போகிறது. பிறகு கதவைத் தைத்துக் கொடுத்தாலும் நாக்கு பழைய குறுக்கு வழியிலேயே போகும்.

மாதக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு விடை இதுதான். பிள்ளை ஏழிலிருந்து பத்து மாதத்துக்குள் ‘பபப’, ‘ததத’ என்று மழலையை அடுக்கத் தொடங்குகிறது. கதவு வேலை செய்ய வேண்டிய நேரம் அது.

முப்பது வருஷத்துக்கு முந்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் படிப்பித்தபோது, என் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். மற்றப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பட்டப் பெயரை இங்கே எழுத மனமில்லை. அவன் எழுந்து வாசித்தால் வகுப்பே சிரிக்கும். நான் என்ன செய்தேன் என்றால், அவனை வாசிக்கச் சொல்வதையே நிறுத்திவிட்டேன். இரக்கம் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை உள்ளே பார்க்கத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு கொழும்புக்குப் போய்விட்டான். ஒரு சாப்பாட்டுக் கடையில் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பேசத் தேவையில்லாத வேலை.

எழுத்துகள் மட்டுமல்ல, காதும் இதில் மாட்டிக்கொள்கிறது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் சிறு குழாயைத் திறந்து மூடுவதும் அண்ணத்தின் தசைகள்தான். அவை சரியாக இழுக்காவிட்டால் நடுக்காதில் பிசின் மாதிரி நீர் தேங்கும். பிள்ளைக்குக் கேட்கும், ஆனால் தலையணைக்கு அடியிலிருந்து கேட்பது மாதிரிக் கேட்கும். எழுத்து சரியாகக் கேட்காத பிள்ளை அதை எப்படிச் சரியாகச் சொல்லும்?

அப்படியானால் பிறந்த உடனேயே தைத்துவிட வேண்டியதுதானே என்று நானும் கேட்டேன். டொக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தத்தை விளங்கிக்கொள்ள நான் காலிக்குப் போக வேண்டியிருந்தது. ஆளாக அல்ல, வாசிப்பில்.

1984இல் இலண்டன் கிரேட் ஒர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த மைக்கல் மார்ஸ் என்ற பல் சீரமைப்பு நிபுணரும் அவரோடு சேர்ந்தவர்களும் காலியில் ஒரு பணியைத் தொடங்கினார்கள். பிளவோடு பிறந்து, ஒரு தையலும் போடாமல் வளர்ந்து ஆளான நூற்றுக்கணக்கானவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். அவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். கூடவே தாடையை அளந்தார்கள், பேச்சைப் பதிந்தார்கள். அதுவரை உலகில் ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. சிறு வயதில் தைத்த பிள்ளைகளுக்கு வளர வளர மேல்தாடை பின்வாங்கி, நடுமுகம் குழிந்து போகிறது. அது பிளவின் குறையா, கத்தியின் குறையா? ஐரோப்பாவில் எல்லாரையும் சிறு வயதிலேயே தைத்துவிடுவதால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. இலங்கையில் இருந்தார்கள். மார்ஸும் ஹூஸ்டனும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் வந்த விடை: தைக்கப்படாமலே வளர்ந்தவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. வளர்ச்சியைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் சத்திரசிகிச்சையின் தழும்புதான்.

அப்படியென்றால் தாமதிப்பதே நல்லது என்றல்லவா ஆகிறது? அங்கேதான் பேச்சுப் பயிற்சியாளர் டெபி செல்லின் வேலை வருகிறது. பதின்பருவத்தில் அண்ணம் தைக்கப்பட்ட இலங்கைப் பிள்ளைகளின் பேச்சை அவரும் பமிலா கிரன்வெல்லும் ஆராய்ந்தார்கள். ஓட்டை அடைபட்டது, பேச்சு பெரிதாகத் தேறவில்லை. குறுக்கு வழி ஊறிப்போயிருந்தது. ஜெர்மனியின் மார்பர்க் நகரிலும் இதே பாடத்தை வேறு விதமாகக் கற்றார்கள். ஸ்வெக்கென்டீக் என்பவர்கள் மென் அண்ணத்தைச் சீக்கிரம் தைத்து, வன் அண்ணத்தைப் பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை விட்டுவைத்தார்கள். முகம் அழகாக வளர்ந்தது. பேச்சு கெட்டது.

முகத்தைப் பார்த்தால் பிந்த வேண்டும், பேச்சைப் பார்த்தால் முந்த வேண்டும். இந்த இழுபறிதான் டொக்டரின் சிரிப்பு.

காலிப் பணியைப் பற்றி ஒரு வார்த்தை. தைக்க வசதியில்லாமல் வளர்ந்த நம் நாட்டு ஏழைகளின் தாடைதான் உலகப் பாடப் புத்தகங்களுக்கு அளவுகோல் ஆனது. அவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது என்பதால் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ‘தைக்கப்படாத பெரியவர்கள்’ என்று வாசிக்கும்போதெல்லாம் என் வகுப்புப் பையனின் முகம்தான் எனக்கு வருகிறது.

இன்று பெரும்பாலான நாடுகளில் அண்ணத்தைத் தைப்பது 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில். அதிலும் 9, 12 மாத அளவில் செய்பவர்களே அதிகம். அந்த வரம்புக்குள் எது நல்லது என்று பல வருஷம் வெறும் அபிப்பிராயமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அதைச் சரியாக நிறுத்துப் பார்க்க நடந்ததுதான் டொப்ஸ் என்ற ஆய்வு. பிரித்தானியா, சுவீடன், நோர்வே, டென்மார்க், பிரேசில் ஆகிய நாடுகளின் 23 நிலையங்கள், உதடு பிளக்காமல் அண்ணம் மட்டும் பிளந்த, வேறு நோய்க்குறி இல்லாத 558 பிள்ளைகள். யாருக்கு 6 மாதத்தில், யாருக்கு 12 மாதத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். தைக்கும் முறை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. பிறகு ஐந்து வயது வரை காத்திருந்து பேச்சைப் பதிந்து கேட்டார்கள்.

முடிவு 2023 ஆகஸ்ட் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அண்ணக் கதவு போதிய அளவு மூடாத பிள்ளைகள், 6 மாதக் குழுவில் 235 பேரில் 21 பேர். 12 மாதக் குழுவில் 226 பேரில் 34 பேர். அதாவது நூற்றுக்கு 9 பேர், 15 பேர். சீக்கிரம் தைத்த பிள்ளைகள் ஒரு வயதில் மழலை பேசுவதிலும் முன்னே இருந்தார்கள். சத்திரசிகிச்சையால் வந்த பாரதூரமான சிக்கல்கள் இரண்டு பக்கமும் குறைவு.

இந்த எண்களை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பிள்ளைக்குத் தைத்தது 11 மாதத்தில். தப்புச் செய்துவிட்டோமா? பிறகு ஆறுதலாக இருந்து யோசித்தேன். 12 மாதக் குழுவிலும் நூற்றுக்கு 85 பேருக்குக் கதவு சரியாக மூடியிருக்கிறது. ஆறு மாதம் முந்தியதால் கிடைத்தது நூற்றுக்கு ஆறு பேர் அளவிலான நன்மை. சிறியதல்ல, ஆனால் உலகம் இடிந்துபோகும் வித்தியாசமும் அல்ல. முகம் எப்படி வளரும் என்ற தீர்ப்பு ஐந்து வயதில் வராது, பதினைந்து பதினாறு வயதில்தான் வரும். இன்னொன்று, அந்த 558 பேரும் ஆரோக்கியமான பிள்ளைகள். பச்சைப் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டொக்டர்மார் இருக்கும் இடங்களில் தைக்கப்பட்டவர்கள். அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மலையில் வைக்க முடியாது.

ஏன் முடியாது என்பதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல, பஸ்ஸில். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கிளினிக்குக்குப் போகும் அதிகாலை பஸ்ஸில் ஒரு தாயைச் சந்தித்தோம். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். அவளுடைய பெண் பிள்ளையும் 2018இல் பிறந்தது, அதே மேவாய்ப் பிளவு. என் மகளும் அவளும் இரண்டு பயணத்தில் அக்கா தங்கச்சி ஆகிவிட்டார்கள். ஆனால் இரண்டு பிள்ளையும் ஒரே தராசில் ஏறும்போது வித்தியாசம் தெரிந்தது. ஆறாம் மாதம் எங்கள் பிள்ளை ஏழு கிலோவுக்குக் கிட்ட. அந்தப் பிள்ளை நாலே முக்கால்.

அவள் பால் கொடுக்காமல் இல்லை. அண்ணம் பிளந்த பிள்ளைக்கு உறிஞ்ச வராது. ஸ்ட்ரோவில் ஓட்டை இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் ஏறாதே, அப்படித்தான். பிள்ளை மார்பில் ஒரு மணித்தியாலம் கிடக்கும், களைத்துத் தூங்கும், வயிறு நிரம்பியிருக்காது. வழி உண்டு. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கறந்த தாய்ப்பாலை அமுக்கினால் வரும் மென்மையான போத்தலிலோ, சங்கிலோ, கரண்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அடிக்கடி ஏப்பம் விடவைக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்குமேல் ஒரு தடவை நீடிக்கக் கூடாது. நீடித்தால் குடித்த பாலின் சத்து குடிக்கிற பாட்டுக்கே செலவாகிவிடும். என் மகளுக்கு உம்மா, மாமி, நான் என்று ஆறு கை. அந்தத் தாய்க்குப் பிரசவ லீவு 84 நாள். முடிந்ததும் மலைக்கு ஏற வேண்டும். பிறகு பிள்ளைக்காம்பராவில் இருக்கும் ஆயாம்மா ஒருவர் பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பார்ப்பார். அதில் ஒன்றுக்கு மட்டும் இத்தனை பொறுமையாக அமுக்கி அமுக்கிப் பால் கொடுப்பது யாரால் முடியும்?

“கிளினிக் வந்தா பேர் போயிருது மாஸ்டர். முந்தின நாள் கொழுந்து கொறஞ்சா அரைப் பேர்தான். நாலு கிளினிக் வந்தா அந்த மாசம் என்னாத்த சாப்புடுறது?” என்றாள். சிகிச்சை இலவசம்தான். வந்து போவதுதான் இலவசம் இல்லை.

எடையை ஏன் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பச்சைப் பிள்ளையின் உடம்பில் கிலோவுக்கு ஏறக்குறைய 80 மில்லிலீற்றர் இரத்தம். ஆறு கிலோப் பிள்ளை என்றால் அரை லீற்றருக்கும் குறைவு. நமக்கு ஒன்றுமில்லாத ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு இரத்தம் போனாலே அதற்குப் பெரிய இழப்பு. தைத்த பிறகு வாய்க்குள் வீங்கும். மூச்சு வழி ஒடுங்கும். அதனால் உதட்டுக்கு என்றே ஒரு பழைய கணக்கு உண்டு: 10 வாரம், 10 இறாத்தல் எடை, 10 கிராம் ஹீமோகுளோபின். அண்ணத்துக்கு இதைவிடக் கூடுதலாகவே எதிர்பார்ப்பார்கள். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டங்களில் 32 பேர். இந்தப் பின்னணியில் ஆறு மாதமா பன்னிரண்டு மாதமா என்று கேட்பது எங்களைப் போன்ற கடைத்தெருக்காரர்களுக்குப் பொருந்தும். லயத்தில் கேள்வியே வேறு: ஒரு வயதா, மூன்று வயதா?

எங்கள் பிள்ளைக்குத் திகதி கிடைத்தது 2019 மே மாதம். நோன்பு மாதம். ஏப்ரல் 21க்குப் பிறகு நம் ஆட்கள் பஸ்ஸில் ஏறவே தயங்கிய நாட்கள் அவை. மருமகன் “தள்ளிப் போடுவோமே மாமா” என்றார். நானும் பாதி மனதோடுதான் இருந்தேன். மகள்தான் ஒரே பிடியாக நின்றாள்: “இந்த மாசம் விட்டா அடுத்தது எப்ப வாப்பா வரும்?” அபாயாவோடு போனாள். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கிளினிக்குக்கு வந்த அந்தத் தோட்டத்துத் தாய் ஏறியவள், பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் பால்மா என்றால் ஆறு மணித்தியாலம், தாய்ப்பால் என்றால் நாலு மணித்தியாலம் நிறுத்த வேண்டும். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதற்காக. பிள்ளைக்கும் அன்று நோன்பு என்று என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்தது. அவர்கள் செய்வது வெறும் ஓட்டையை அடைப்பது அல்ல. பிளந்த அண்ணத்தில் தசைகள் நடுவில் சேராமல், முன்னோக்கித் திரும்பி வன் அண்ணத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கழற்றி, பின்னுக்குக் கொண்டுபோய், குறுக்காக இணைத்து, ஊஞ்சல் கயிறு மாதிரி ஆக்க வேண்டும். தூக்கும் வேலை அந்தக் கயிற்றுடையது. 1819இல் பாரிஸில் ரூ என்ற வைத்தியர், ஜோன் ஸ்டீவன்சன் என்ற கனேடிய மருத்துவ மாணவனுக்கு மென் அண்ணத்தைத் தைத்தது வரலாற்றில் பேர் போன சம்பவம். மயக்க மருந்து வருவதற்கு கால் நூற்றாண்டுக்கு முன். மனிதர் விழித்துக்கொண்டே வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார். பின்னாளில் மொன்றியலில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தப் பெண் பிள்ளைக்கு அந்த மே மாதம் எடையும் போதவில்லை, ஹீமோகுளோபின் 8. இரும்புச் சத்துப் பாணி கொடுத்தார்கள். எடை ஏறி, திகதி கிடைத்து, போன அன்று சளி, திருப்பி அனுப்பினார்கள். சளியோடு மயக்கம் கொடுப்பது ஆபத்து என்பதால் அதில் பிழை சொல்ல முடியாது. அடுத்த திகதி 2020 மார்ச் கடைசி. ஊரடங்கு வந்தது. தைத்தபோது பிள்ளைக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். அதற்குள் அவள் நிறையப் பேசத் தொடங்கிவிட்டாள், எல்லாம் தொண்டையால்.

தைத்த பிறகு பேச்சுப் பயிற்சி வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர்களை ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் உருவாக்குகிறது. தமிழில் பயிற்சி கொடுக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. சிங்களம் தெரியாத பிள்ளைக்குச் சிங்களத்தில் ‘ப’வைப் பழக்கலாம், எழுத்து ஒன்றுதானே என்று சிலர் சொல்லலாம். ஆனால் தாய் வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்குவாள்? தமிழ்ச் சொல் வேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் வேண்டும். இதில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாருக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தோன்றியது. பயிற்சியாளர் மிஸ் சொல்லித்தந்த ஒழுங்கின்படி ஒரு பட்டியல் எழுதினேன். பாப்பா, பப்பாசி, பட்டம்; தட்டு, தாத்தா; பிறகு கடைசியாகக் ககரம். ககரம் பிறப்பது மென் அண்ணத்திலேயே. இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் மலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, விட்டு ஒரு தடவை சொல்லவைத்தால், காற்று எங்கே போகிறது என்று பிள்ளைக்கே விளங்கும். மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி பிடித்தால் ஆவி படிவதும் தெரியும்.

என் பேரன் இப்போது நன்றாகப் பேசுகிறான். களைத்தால் மட்டும் கொஞ்சம் மூக்கால் வரும். காதில் ஒரு முறை சின்னக் குழாய் வைத்தார்கள். மத்ரஸாவில் காஃப் எழுத்து வராமல் கொஞ்ச நாள் கஷ்டப்பட்டான். உஸ்தாதிடம் போய், இது சோம்பேறித்தனம் இல்லை, தைத்த அண்ணம் என்று வாயைத் திறந்தே காட்டினேன். அந்தப் பெண் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு வருவாள். பகரம் வந்துவிட்டது, தகரம் பாதி. ‘காக்கா’ என்பதில் முதல் ககரம் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளை பிறந்த வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தஹ்னீக்குக்கு முன் டோர்ச் வெளிச்சத்தில், நாக்கை அமர்த்தி, உள்நாக்கு வரை பார்க்கச் சொல்லுங்கள். விரலால் தடவினால் போதாது. எனக்கு நடந்தது அதுதான். உள்நாக்கு இரண்டாகப் பிளந்து தெரிந்தாலோ, நடுவில் நீலம் பாய்ந்த கோடு இருந்தாலோ, தோலுக்கு அடியில் தசை பிளந்திருக்கக்கூடும். அதுவும் காட்ட வேண்டியதே. பால் மூக்கால் வந்துகொண்டே இருந்தால் பிள்ளைக்கு வேறு எதையும் வாயில் தடவாமல் முதலில் காட்டுங்கள். தேன் ஒரு வயது வரை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். தாடை சிறுத்து, மல்லாக்கப் படுக்கவைத்தால் மூச்சுத் திணறும் பிள்ளை என்றால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளில் காட்டினால் கடிதம் கொடுப்பார்கள். பேராதனையில் பல் போதனா வைத்தியசாலையும் சிறுவர் வைத்தியசாலையும் இருக்கின்றன. தைக்கும் திகதி பிறகு வரட்டும். எடை ஏறத் தொடங்க வேண்டியது அந்த முதல் வாரத்தில்தான். அங்கே பிந்தினால் பிறகு எல்லாத் திகதியும் பிந்தும்.

பேரனின் அடுத்த கிளினிக் பல்லுக்கு. மேல்தாடை எவ்வளவு முன்னே வந்திருக்கிறது என்று அச்செடுத்துப் பார்ப்பார்களாம். சரியான கணக்கு அவனுக்கு மீசை முளைக்கும்போதுதான் தெரியும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.